ஆத்துல இருந்து பார்க்க வேண்டிய ஊர்: செஸ்கி கிரும்லோவ்

(இந்த எபிசோடின் ஒலிப்பதிவைச் சற்றே சுருக்கி, திருத்தி எழுத்தாக்கியது.)

இன்னைக்கு நாம போற ஊரோட பேரு செஸ்கி கிரும்லோவ். செக் நாட்டோட தெற்குப் பகுதியில, ஆஸ்திரியா எல்லைக்குக் கொஞ்சம் முன்னாடி, வல்தவா ஆத்தங்கரையில இருக்கு. பேரு புதுசா இருந்தாலும் படத்தைப் பார்த்தா "அட, இதுவா!"ன்னு சொல்லுவீங்க. சிவப்பு ஓட்டுக் கூரைங்க, நடுவுல வண்ணம் பூசின ஒரு வட்டக் கோபுரம், சுத்தி வளைஞ்சு ஓடுற ஆறு. ஐரோப்பா டூர் விளம்பரங்கள்ல தவறாம வர்ற படம் அது.

பெரும்பாலானவங்க இந்த ஊரை எப்படிப் பார்க்கிறாங்க? காலையில பிராக்ல பஸ் ஏறுறாங்க. சுமார் மூணு மணி நேரப் பயணம். இறங்கி, கோட்டை, பாலம், செல்ஃபி, ஒரு காபி. சாயங்காலம் மறுபடி பஸ். அது தப்புன்னு நான் சொல்ல வரல. எல்லாருக்கும் லீவு அவ்வளவுதான் கிடைக்குது. ஆனா மூணு நாள் கையில இருந்தா, இந்த ஊரைப் பார்க்க இன்னொரு வழி இருக்கு. ஆத்துல படகு விட்டுக்கிட்டு வந்து, கரையில டென்ட் போட்டுத் தங்கிப் பார்க்கிறது. செலவு குறையுதுங்கிறது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. அதுதான் இந்த எபிசோட்.

மேல இருந்து கீழ வருவோம்

வல்தவா செக் நாட்டோட மிக நீளமான ஆறு, 430 கிலோமீட்டர். தெற்கே மலைக்காட்டுல பிறந்து, கிரும்லோவ் வழியா, பிராக் நகரத்துக்கு நடுவுல ஓடி, மெல்னிக்ங்கிற இடத்துல எல்பே ஆத்தோட சேருது. செக் மக்களுக்கு இது வெறும் ஆறு இல்ல. ஸ்மெத்தனாங்கிற இசையமைப்பாளர் 1874ல இந்த ஆத்தோட பயணத்தையே ஒரு இசைப் படைப்பா எழுதியிருக்கார். ஊற்றுல தொடங்கி பிராக் வரைக்கும். கேட்டுட்டுப் போங்க, நல்லா இருக்கும்.

படகுப் பயணம் வழக்கமா விஷி பிராட்ங்கிற சின்ன ஊர்ல தொடங்குது. அங்கிருந்து கிரும்லோவுக்கு ஆத்து வழியா 35 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு நாள்ல நிதானமா வரலாம். வாடகைக்கு கேனோ, காத்தடிச்ச ராஃப்ட், துடுப்பு, லைஃப் ஜாக்கெட், துணிமணி நனையாம போட்டு மூட ஒரு பிளாஸ்டிக் டிரம், எல்லாம் கிடைக்கும். எங்க முடிக்கிறீங்களோ அங்கேயே வந்து படகை வாங்கிக்குவாங்க. ஆறு ரொம்ப ஆழமில்ல, வேகமும் மிதமானதுதான். ஆனா நீச்சல் தெரியாதவங்க லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டவே கூடாது.

கோடையிலயும் இந்த ஆறு வத்தாம ஓடுறதுக்குக் காரணம் ஒரு அணை. விஷி பிராட்டுக்கு மேல லிப்னோன்னு ஒரு பெரிய நீர்த்தேக்கம், 1950கள்ல கட்டினது. அங்க மின்சாரம் எடுத்துட்டு விடுற தண்ணியிலதான் நம்ம படகு மிதக்குது. அணை வந்ததுல ஒரு இழப்பும் இருக்கு. தண்ணி சுரங்கப்பாதை வழியா போயிடறதால, "பிசாசு ஓட்டம்"னு சொல்ற பழைய காட்டாற்றுப் பகுதி வருஷம் முழுக்கப் பாறையாத்தான் கிடக்கு. அணையில இருந்து தண்ணி திறந்துவிடுற சில நாள்தான் அங்க பழைய சீற்றத்தைப் பார்க்க முடியும்.

அதுக்கு ஏன் பிசாசுப் பேருன்னா, பக்கத்துல "பிசாசுச் சுவர்"னு ஒரு பாறைக் குவியல் இருக்கு. விஷி பிராட்ல 1259ல ஒரு துறவி மடம் தொடங்கினாங்க. அது பிசாசுக்குப் பிடிக்கல. ஆத்தைக் குறுக்கே அடைச்சு மடத்தை மூழ்கடிச்சிடலாம்னு ராத்திரியோட ராத்திரியா கல்லை அடுக்கிச்சாம். வேலை முடியறதுக்குள்ள விடிஞ்சிடுச்சாம். அப்படியொரு கதை. பிசாசால முடியாததை 20ஆம் நூற்றாண்டுல இன்ஜினியருங்க முடிச்சுட்டாங்கன்னு வெச்சுக்கலாம்.

அஹோய்!

படகுல ஏறின அஞ்சு நிமிஷத்துலயே ஒண்ணு கவனிப்பீங்க. எதிர்ல, பக்கத்துல, கரையில யாரைத் தாண்டினாலும் "அஹோய்!"னு சத்தம் வரும். கப்பல்காரங்க சொல்ற வணக்கம். செக் நாட்டுக்குக் கடலே கிடையாது. ஆனாலும் அந்த நாட்டோட அன்றாட வணக்கம் இந்த மாலுமி வார்த்தைதான். ஆத்துல அதைச் சொல்லாமப் போனா வீட்டு வாசல்ல நிக்கிறவங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போறதுக்குச் சமம். தாத்தா, பாட்டி, காலேஜ் பசங்க, நாய்க்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்ட குடும்பம், எல்லாரும் சொல்லுவாங்க. நீங்களும் சொல்லுங்க.

வழியில தடுப்பணைகள் வரும். பழைய காலத்து மில்லுங்களுக்காகக் கட்டினது. ஒரு ஓரமா படகு சறுக்கிப் போறதுக்குச் சரிவான வழி விட்டிருப்பாங்க. ஒருகாலத்துல காட்டுல வெட்டின மரங்களைத் தெப்பமாக் கட்டி இந்த ஆத்துலதான் பிராக் பக்கம் அனுப்பினாங்க. அந்தத் தெப்பங்கள் இறங்கின வழியில இப்ப நாம சறுக்குறோம். சறுக்கி விழுந்து நனையறவங்களுக்குக் கரையில உட்கார்ந்திருக்கிறவங்க கைதட்டுவாங்க. கிண்டல்தான், ஆனா நல்ல மனசோட. எந்தத் தடுப்பணையா இருந்தாலும் முதல்ல கரையில இறங்கி, முன்னாடி போறவங்க எப்படிப் போறாங்கன்னு பார்த்துட்டு இறங்குங்க. சந்தேகமா இருந்தா படகைத் தூக்கிட்டு நடந்துடுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

முதல் ராத்திரி: ரோஷ்ம்பெர்க்

முதல் நாள் சாயங்காலம் ரோஷ்ம்பெர்க் வரும். ஆறு வளையற இடத்துல, குன்று மேல ஒரு கோட்டை. இந்தப் பக்கத்தையே ஆண்ட ரோஷ்ம்பெர்க் குடும்பத்தோட பேரு இந்த ஊர்ல இருந்து வந்ததுதான். அஞ்சு இதழ் ரோஜா அவங்க சின்னம். கிரும்லோவ் வரைக்கும் சுவருல, வாசல்ல எல்லாம் அதைப் பார்த்துக்கிட்டே போகலாம்.

ஆத்தோரத்துல கேம்ப். ஆளுக்கு இவ்வளவு, டென்ட்டுக்கு இவ்வளவுன்னு கட்டணம். ஹோட்டல் ரூமோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி. கழிப்பறை, குளியலறை இருக்கும். ஒரு கடையும் இருக்கும். அங்க லங்கோஷ்னு ஒண்ணு விப்பாங்க. எண்ணெயில பொரிச்ச பெரிய மாவு அப்பம், மேல பூண்டும் சீஸும். நம்ம பட்டூராவுக்குத் தூரத்துச் சொந்தம்னு சொல்லலாம். சைவம் சாப்பிடறவங்களுக்கு அதுவும், பொரிச்ச சீஸும்தான் துணை.

இருட்டினதும் தீ மூட்டுவாங்க. குச்சியில சாசேஜ் குத்தி வாட்டுவாங்க. எப்படியும் ஒரு கிட்டார் வரும். இங்கதான் கோட்டையோட வெள்ளைச் சீமாட்டி கதையும் வரும். பெர்க்தா, 15ஆம் நூற்றாண்டுல ரோஷ்ம்பெர்க் குடும்பத்துப் பொண்ணு. கல்யாணம் பண்ணிக் கொடுத்த இடத்துல நிம்மதியே இல்ல. புருஷன் சாகிற நேரத்துல மன்னிப்புக் கேட்டதாகவும், இவ மறுத்ததாகவும், அவன் சபிச்சதாகவும் கதை. அதனால வெள்ளை உடையில கோட்டைகள்ல நடமாடுறாளாம். வெள்ளைக் கையுறை போட்டிருந்தா நல்ல சேதி, கறுப்புன்னா கெட்ட சேதி.

பேய் கதை இருக்கட்டும். பெர்க்தா பிறந்த வீட்டுக்கு எழுதின கடிதங்கள் உண்மையாவே இன்னும் இருக்கு. புகுந்த வீட்டுல தான் படுற பாட்டை அப்பாவுக்கும் அண்ணன் தம்பிக்கும் அவங்களே எழுதினது. 500 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு "இங்க என்னால முடியல"ன்னு வீட்டுக்கு எழுதியிருக்கா. ஊர் அவளைப் பேயா ஞாபகம் வெச்சிருக்கு. எனக்கு என்னவோ அந்தக் கடிதங்கள்தான் பேயை விட அதிகமா தூக்கத்தைக் கெடுத்துச்சு.

ஊருக்குள்ள

ரெண்டாவது நாள் கிரும்லோவ். ஊருக்குக் கொஞ்சம் முன்னாடியே ஒரு கேம்ப்ல டென்ட்டைப் போட்டுட்டு நடந்து போகலாம். இல்ல, படகோடயே ஊருக்குள்ள நுழையலாம். நான் படகைத்தான் சொல்லுவேன்.

கிரும்லோவ்ங்கிற பேருக்கே வளைஞ்ச புல்வெளின்னு அர்த்தம் சொல்றாங்க, ஜெர்மன் வார்த்தையில இருந்து வந்ததாம். ஆறு இங்க ஒரு பாம்பு மாதிரி நெளிஞ்சு போகுது. பழைய ஊர் அந்த வளைவுக்குள்ள கிட்டத்தட்ட ஒரு தீவு. படகுல வரும்போது கோட்டை இடது பக்கம் தெரியும், அடுத்த வளைவுல வலது பக்கம் தெரியும், அப்புறம் தலைக்கு மேலயே நிக்கும். எதிரிங்க ஏன் இந்த ஊரைப் பிடிக்க யோசிச்சிருப்பாங்கன்னு மேப் இல்லாமயே புரியும்.

கோட்டையைப் பத்தி ஆவணங்கள்ல முதல் குறிப்பு 1253ல வருது. செக் நாட்டுல பிராக் கோட்டைக்கு அடுத்தபடி பெரியது இதுதான். ரோஷ்ம்பெர்க் குடும்பம் ஏறக்குறைய 300 வருஷம் வெச்சிருந்து, கடன் தாங்காம 1602ல பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு வித்துட்டாங்க. அப்புறம் எகன்பெர்க் குடும்பம், 1719ல இருந்து ஷ்வார்சன்பெர்க் குடும்பம். பார்க்க வேண்டியதுன்னா மூணு சொல்றேன். ஒண்ணு, கோபுரம், 162 படி. ரெண்டு, அகழி. அதுல தண்ணிக்குப் பதிலா கரடிங்க இருக்கு, பல தலைமுறையா வளர்க்கிறாங்க. மூணு, 1766ல முடிச்ச நாடக அரங்கம். அந்தக் காலத்து மர இயந்திரங்கள், திரைச்சீலைகள், உடைகளோட அப்படியே இருக்கு. ஐரோப்பாவுல இந்த அளவுக்கு முழுசா மிஞ்சினது விரல் விட்டு எண்ணக்கூடியதுதான். ஆனா ஆளுங்களோட மூச்சும் ஈரமும் பட்டா கெடும்கிறதால, வழிகாட்டியோட குறைஞ்ச ஆள்களைத்தான் விடுவாங்க. முன்பதிவு பண்ணிடுங்க.

சுவர்களையும் கவனிங்க. தூரத்துல இருந்து செதுக்கின கல் மாதிரி தெரியும். கிட்டப் போனா அது சுண்ணாம்புப் பூச்சு மேல தீட்டின ஓவியம். கல்லு, சிலை, சில இடத்துல ஜன்னல்கூட வரைஞ்சதுதான். இந்த வரைஞ்ச ஜன்னலை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆள் இல்லாத ஜன்னல்கள்

இப்ப அந்த முக்கியமான காரணத்துக்கு வர்றேன். இந்த ஊர் இவ்வளவு அழகா எப்படித் தப்பிச்சுது? பெரிய திட்டம் எல்லாம் இல்ல. கைவிட்டதாலதான். 19ஆம் நூற்றாண்டுல ஷ்வார்சன்பெர்க் குடும்பம் தங்களோட முக்கிய இருப்பிடத்தை வேற ஊருக்கு மாத்திக்கிட்டாங்க. பணமும் போயிடுச்சு. இடிச்சுட்டுப் புதுசா கட்ட யாருக்கும் வசதி இல்ல. பழசு பழசாவே நின்னுச்சு.

1911ல எகோன் ஷீலேங்கிற ஓவியர் வியன்னாவுல இருந்து இங்க குடிவந்தார். அவர் அம்மாவோட சொந்த ஊர் இது. கல்யாணம் ஆகாம காதலியோட வாழ்ந்ததும், ஊர் இளம்பெண்களை மாடலா வரைஞ்சதும் ஊருக்குப் பொறுக்கல. சில மாசத்துலயே கிளம்ப வேண்டியதாச்சு. கோட்டைக் குன்றுல இருந்து கீழ பார்க்கிற மாதிரி அவர் இந்த ஊரைத் திரும்பத் திரும்ப வரைஞ்சார். நெருக்கமான வீடுங்க, சுத்தி கறுப்பா ஆறு, ஒரு ஆள்கூட இல்ல. அந்த ஓவியங்களுக்கு அவர் வெச்ச பேரு "இறந்த நகரம்".

அப்போ அது ஓவியனோட கற்பனை. அப்புறம் நிஜமாவே நடந்துச்சு. இந்த ஊர்ல பெரும்பான்மை ஜெர்மன் மொழி பேசினவங்க. ஊரை க்ரும்மாவ்னு கூப்பிட்டாங்க. 1938ல ஹிட்லர் இந்தப் பகுதியைத் தன் நாட்டோட சேர்த்துக்கிட்டார். இங்க இருந்த சின்ன யூத சமூகம் அழிஞ்சுது. 1909ல கட்டின அவங்க வழிபாட்டுக் கூடம் மட்டும் இன்னும் நிக்குது. போர் முடிஞ்சதும் 1945, 46ல செக்கோஸ்லோவாகியாவுல இருந்து ஏறக்குறைய 30 லட்சம் ஜெர்மன்காரங்களை வெளியேத்தினாங்க. கிரும்லோவ்ல வீதி வீதியா வீடுங்க காலியாச்சு. வேற இடங்கள்ல இருந்து புதுசா ஆள்கள் வந்து குடியேறினாங்க. அவங்களுக்கு இது தாத்தா ஊரு இல்ல. கம்யூனிஸ்ட் காலத்துல வீடுகள் பல இடிஞ்சு விழற நிலையிலதான் இருந்துச்சு.

1989க்கு அப்புறம் எல்லாம் மாறிச்சு. 1992ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. வீடுகளைச் சீராக்கினாங்க, வண்ணம் பூசினாங்க. 2002 ஆகஸ்ட்ல பெரும் வெள்ளம் வந்து ஊருக்குள்ள புகுந்துச்சு, அதையும் தாண்டி எழுந்துச்சு. ஆனா ஊர் அழகாக ஆக, வீடுகள் ஹோட்டலாச்சு, கடையாச்சு, வாடகை அறையாச்சு. இன்னைக்கு கிரும்லோவ் நகரத்தோட மக்கள் தொகை சுமார் 13,000. ஆனா அந்த ஆத்து வளைவுக்குள்ள இருக்கிற பழைய ஊர்ல உண்மையா குடியிருக்கிறவங்க சில நூறு பேர்தான். கோவிட்டுக்கு முன்னாடி வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கும் மேல வந்து போன ஊர் இது. ரொட்டிக் கடை, செருப்பு தைக்கிற கடை, பக்கத்து வீட்டுக்காரர், இதெல்லாம் இல்லாத ஊர்ல யாரு குடியிருப்பாங்க?

2018ல கத்தெரினா ஷெதாங்கிற செக் கலைஞர் ஒரு வேலை பண்ணினாங்க. வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சிக்காக. வெளியூர்ல இருந்து சாதாரணக் குடும்பங்களைக் கூட்டிட்டு வந்து, தங்க இடமும் சம்பளமும் கொடுத்து, பழைய ஊர்ல குடிவெச்சாங்க. அவங்க செய்ய வேண்டிய வேலை என்னன்னா, சாதாரணமா வாழறது! துணி காயப்போடறது, வாசல் பெருக்கறது, பக்கத்து வீட்டுக்காரங்களோட பேசறது. சுற்றுலாப் பயணிங்க அதைப் போட்டோ எடுத்தாங்க. சிரிப்பு வரும், ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு ஊர்ல துணி காயறதுகூட சம்பளத்துக்கு நடக்கிற காட்சி ஆகிடுச்சுன்னா, அந்த வீட்டு ஜன்னலுக்கும் சுவருல வரைஞ்ச ஜன்னலுக்கும் என்ன வித்தியாசம்?

அதான் ஆத்துல இருந்து பாருங்கன்னு சொல்றேன். ஊருக்குள்ள நீங்க பார்க்கிற கூட்டத்துல பெரும்பாலானவங்க நம்மள மாதிரி வந்து போறவங்க. ஆனா ஆத்துல? அங்க இருக்கிறவங்க செக் மக்கள். வருஷா வருஷம் வர்றாங்க, குழந்தையா இருக்கும்போது அப்பா அம்மாவோட வந்த அதே கேம்ப்ல இப்ப தங்களோட குழந்தைகளோட டென்ட் போடறாங்க. அவங்க துணியெல்லாம் ரெண்டு மரத்துக்கு நடுவுல கயிறு கட்டிக் காயுது. யாரும் சம்பளம் கொடுக்கல. கல் ஊர்ல இல்லாத அக்கம்பக்கம், டென்ட் ஊர்ல இருக்கு.

எப்போ, எப்படி?

கிரும்லோவ்ல ரெண்டு ராத்திரி கேம்ப் போடுங்க. பகல் பஸ்கள் பத்து, பதினொரு மணிக்கு வரத் தொடங்கும், சாயங்காலம் கிளம்பிடும். 2019ல இருந்து டூர் பஸ்களுக்கு முன்பதிவும் கட்டணமும் வெச்சிருக்காங்க, கூட்டத்தைக் கட்டுப்படுத்த. அதனால நீங்க காலையில ஏழு மணிக்கு டென்ட்டுல இருந்து எழுந்து நடந்து போங்க. பாலத்து மேல நின்னா ஆத்துச் சத்தம் கேட்கும். மிச்சம் இருக்கிற குடியிருப்பவங்க நாயோட நடக்கிறது அந்த நேரத்துலதான். "தோப்ரி தென்"னு ஒரு வணக்கம் சொல்லுங்க. கூட்டம் வந்ததும் நீங்க ஊரை விட்டு வெளிய போயிடுங்க.

வெளிய எங்க? ஒண்ணு, க்லெத் மலை, 1,084 மீட்டர். உச்சியில 1825ல கட்டின கல் கோபுரம் இருக்கு. வானம் தெளிவா இருந்தா ஆல்ப்ஸ் மலை தெரியும். இல்லன்னா மறுபடி படகை எடுத்து ஆத்தோட கீழ ஸ்லாத்தா கொருனா போங்க. "தங்கக் கிரீடம்"னு அர்த்தம். 1263ல மன்னர் இரண்டாம் ஒட்டகார் தொடங்கின துறவி மடம், ஆத்து வளைவுக்கு மேல அமைதியா இருக்கு. கிரும்லோவ்ல பார்க்கிற கூட்டத்துல ஒரு துளிகூட அங்க இருக்காது.

சீசன் ஜூன்ல இருந்து ஆகஸ்ட். ஜூலை, ஆகஸ்ட்ல வார இறுதியில ஆறே நெரிசலாயிடும், அதனால வார நாள் நல்லது. பகல்ல வெயில் அடிச்சாலும் ராத்திரி 10 டிகிரி பக்கம் இறங்கலாம், நல்ல ஸ்லீப்பிங் பேக் வேணும். நினைச்ச இடத்துல டென்ட் போட அனுமதி இல்ல, கேம்ப்லதான் போடணும். சின்ன கேம்ப்கள்ல பணமா கேட்கலாம், கொஞ்சம் செக் கொருனா கையில வெச்சுக்கோங்க. நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேணும். விசா விண்ணப்பத்துல தங்குற இடம் காட்டணுங்கிறதால கேம்ப்பை முன்கூட்டியே பதிவு பண்ணி, உறுதிக் கடிதத்தை வாங்கி வெச்சுக்கோங்க.

கடைசியா ஒண்ணு. நாலு பேர் டென்ட் போட்டுத் தங்குறதால மட்டும் அந்த ஊருக்குக் குடும்பங்கள் திரும்பி வந்துடாது. வீட்டு வாடகை, வேலை, பள்ளிக்கூடம்னு பெரிய விஷயங்கள் அதுக்குப் பின்னாடி இருக்கு. ஆனா ஒரு ஊருக்குப் போறப்போ "இங்க என்ன பார்க்கலாம்?"னு கேட்கறதோட சேர்த்து "இங்க யாரு இருக்காங்க?"ன்னும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நீங்க எங்க தங்குறீங்க, எத்தனை மணிக்கு நடக்கிறீங்க, யாருக்குக் காசு கொடுக்கிறீங்க, எல்லாமே அதுல கொஞ்சம் மாறும்.

நீங்க இப்படி ஆத்தோரத்துல தங்கிப் பார்த்த ஊர் எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க, நல்லதா இருக்கிறதை அடுத்த எபிசோட்ல போடறோம். அதுவரைக்கும், அஹோய்!